கூரையைப் பார்த்து வாங்குங்கள்: எங்கள் பழைய கேம்பர்வேன், 14 மாதம் கழித்து

எங்களுடையது 2010இல் மலேசியாவில் பதிவான நிசான் அர்வான் வேன், டீசல். முதலில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி ஓடிய வேன். அதை வாங்கிய ஒருவர் இருக்கைகளைக் கழற்றி, கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை எல்லாம் போட்டு, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியும் எடுத்து, ஐந்து வருடம் குடும்பத்தோடு சுற்றிவிட்டு எங்களுக்கு 36,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுத்தார். எங்கள் வீட்டில் நான்கு பேர்: நான், வீட்டுக்காரர், 12 வயது மகள், 71 வயது அம்மா. பேராக் மாநிலத்தில் பீடோரில் இருக்கிறோம். நான் செம்பனை (பாமாயில்) ஆலையில் எடைமேடையில் வேலை செய்கிறேன், நாள் முழுக்கக் குலை ஏற்றி வரும் லாரிகளை எடை பார்த்து ரசீது போடுவதுதான் என் வேலை. இதற்கு முன் எங்களிடம் இருந்தது ஒரு மைவி கார் மட்டும்தான், வேன் பற்றி ஒன்றும் தெரியாது.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். இந்த 14 மாதத்தில் இந்த வண்டி எங்களுக்குக் கொடுத்த சந்தோஷத்துக்கு நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் காசை நாங்கள் செலவு பண்ணின வரிசை தப்பு. விற்கிறவர் கட்டிலையும் கலர் விளக்கையும் காட்டுவார், நாமும் அதையே பார்த்துக்கொண்டு நிற்போம். நம்ம ஊரில் பார்க்க வேண்டியது கூரையை. மழையும் வெக்கையும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

இதை வாங்குவதற்கு முன் ஈப்போ பக்கம் இன்னொரு வேனைப் பார்த்தோம். உள்ளே அவ்வளவு அழகு, ஆறு பேர் உட்காரலாம், விலையும் 5,000 வெள்ளி குறைவு. கிரானை, அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தை, வாங்கிப் பார்த்தால் அதில் இன்னும் சாமான் ஏற்றும் வேன், மூன்று இருக்கை என்றே இருக்கிறது. கேட்டதற்கு, அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார் அதை விற்கிறவர். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது குற்றம். அதனால் எவ்வளவு பிடித்திருந்தாலும் கிரானில் எழுதியிருக்கும் வண்டி வகை, இருக்கை எண்ணிக்கை இரண்டும் உள்ளே கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். இருக்கை பெல்ட்டும் அப்படித்தான். பின்னால் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் சட்டம். பக்கவாட்டில் பார்த்து உட்காரும் நீள சோபா, நின்ற வண்டியில் டீ குடிக்க நல்லது, ஓடும் வண்டியில் பிள்ளையை அதில் உட்கார வைக்க எனக்கு மனசு வராது.

எங்களுக்கு விற்றவர் நல்ல மனிதர், டீசல் விலைதான் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் என்ற வண்டிப் பரிசோதனை நிலையத்தில் பி5 பரிசோதனை போய் வந்தோம், தடங்கல் இல்லாமல் முடிந்தது. ஆனால் முதல்முறை வாங்குகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே எஞ்சின் எண், சேசிஸ் எண் சரியா, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்ப்பார்கள். கூரை ஒழுகுகிறதா, அலமாரிக்குப் பின்னால் ஒயர் எப்படி ஓடுகிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பரிசோதனையில் தேறிவிட்டது என்றதும் எல்லாமே சரியாக இருக்கும் என்று நாங்கள் நம்பிக்கொண்டோம்.

டயரில் ஆரம்பிக்கிறேன், அது சீக்கிரம் சொல்லக்கூடியது. நான்கு டயரிலும் பூ, அதாவது ரோட்டில் படுகிற பக்கத்துப் பள்ளக் கோடு, நன்றாக இருந்தது, புதுசு மாதிரி. டயர் கடைக்காரர் குனிந்து பக்கச் சுவரில் விரலை வைத்துக் காட்டினார், நீள்வட்டத்துக்குள் 1916 என்று நான்கு எண். 2016ஆம் வருடம் 19ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். இந்த மாதிரி வண்டி மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும், ஓட்டம் குறைவு, அதனால் பூ தேயாது, ரப்பர் மட்டும் காய்ந்து வெடிக்கும். உற்றுப் பார்த்தால் மயிர் போல வெடிப்பு ஓடியிருந்தது. நான்கையும் மாற்றினோம், பளு வண்டிக்கான சி வகை டயர், 1,400 வெள்ளி. இந்தச் செலவில் எனக்கு ஒரு சென் கூட வருத்தம் இல்லை.

இப்போது கூரை. வாங்கி மூன்றாவது வாரம், வழக்கம் போல சாயங்காலம் நான்கு மணிக்கு மழை பிடித்தது. வேன் வீட்டு வாசலில் நின்றது, மகள் உள்ளே புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, அம்மா, தலையணை ஈரமாக இருக்கு என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் கட்டிலுக்கு மேலே கூரை விளக்கின் திருகாணி முனையில் ஒரு சொட்டு தொங்குகிறது, விழுகிறது, அடுத்த சொட்டு. விளக்குக்கு மேலே கூரையில் ஓட்டையே கிடையாது. தண்ணீர் எங்கேயோ முன்னால் காற்றுப்போக்கி வைத்த இடத்தில் நுழைந்து, பலகைக்கு மேலே ஒயரைப் பிடித்துக்கொண்டே நான்கடி நடந்து வந்து இங்கே இறங்குகிறது. வீட்டுக்காரர் கட்டை விரலால் கூரைப் பலகையை அழுத்தினார், தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி விரல் உள்ளே போனது. பலகையைக் கழற்றியபோது வந்த வாடை, பழைய லயத்து வீட்டில் மழைக்காலத்தில் கித்தான் பைக்கு அடியில் வருமே, அதே பூஞ்சை வாடை. வாங்கும் அன்றைக்கு உள்ளே நல்ல வாசனைத் திரவியம் தெளித்திருந்தது, அதை நாங்கள் சுத்தம் என்று நினைத்தோம்.

மேலே ஏறிப் பார்த்தால் காற்றுப்போக்கியைச் சுற்றி சிலிக்கான் மேல் சிலிக்கான், ஒவ்வொரு மழைக்கும் ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள் போல. சிலிக்கான் மேல் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, சிலிக்கானே கூட ஒட்டாது. அதனால் பூசப் பூச ஒழுகல் நிற்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு வெயில் ஏறுவதற்கு முன் உட்கார்ந்து, தகரத்தில் கீறல் விழாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் அதை எல்லாம் சுரண்டினோம். மகள் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். காற்றுப்போக்கிக்கு அடியில் பியூட்டைல் நாடா, ஓரத்தில் பாலியூரித்தேன் பசை. லாரி பெட்டி கட்டுகிற பட்டறையில் போய்க் கேட்டால் இரண்டும் கிடைக்கும். அழுகின பலகையை எடுத்துவிட்டுப் புதுசு போட்டோம்.

அப்புறம் ஒரு சோதனை, இதை வாங்குவதற்கு முன்னாலேயே செய்யலாம், விற்கிறவர் ஒத்துக்கொண்டால். உள்ளே எல்லா இணைப்பு ஓரத்திலும் டிஸ்யூ தாளைக் கிழித்து நாடா போல ஒட்டினேன். வீட்டுக்காரர் குழாயைப் பிடித்துக் கீழே இருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டார். மேலே இருந்து ஆரம்பித்தால் எந்த ஓட்டை என்று தெரியாது, எல்லாம் ஒன்றாக நனையும். நான் டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பின் கதவு மேல் ஓரத்தில் மட்டும் தாள் சாம்பல் நிறமாக மாறிக்கொண்டே கீழே இறங்கியது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பலகை தவிர்த்து இந்த வேலைக்கு ஆன செலவு 650 வெள்ளி.

மின்சாரத்தில்தான் பெரிய காசு போனது, பெரிய பயமும் அங்கேதான். பழைய பேட்டரி ஈய பேட்டரி, இரண்டு மின்விசிறி ஓடினால் விடிவதற்குள் படுத்துவிடும். ஈய பேட்டரியில் எழுதியிருப்பதில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். அதனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 100 ஆம்பியர் மணி, 200 வாட் சூரியத் தகடு, கூலி எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளிக்கு ஒரு கடையில் கொடுத்தோம். வெளிப்பார்வைக்கு வேலை சுத்தமாக இருந்தது. மூன்றாவது நாள் தெலுக் இந்தான் போய் வரும் வழியில் கட்டிலுக்கு அடியில் ஒயர் தீய்கிற வாடை. நிறுத்தி, கையை வைத்தால் ஒயர் சுடுகிறது.

ஒயரிங் எல்லாம் லாரிக்குச் செய்கிற சீனப் பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார், ஆலை லாரிகள் எல்லாம் அவரிடம்தான் போகும். அவர் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லவே இல்லை. பழைய பேட்டரிக்குப் போட்டிருந்த மெல்லிய ஒயரையும் ரிலேயையும் அப்படியே வைத்து அதில் லித்தியத்தை மாட்டியிருக்கிறார்கள். லித்தியம் பசித்த பிள்ளை மாதிரி, கொடுப்பதை எல்லாம் இழுக்கும், நடுவில் தடுக்க ஆள் இல்லாவிட்டால் எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டரும் சூடாகும், ஒயரும் எரியும். எஞ்சினிலிருந்து வரும் கரண்டை 20 ஆம்பியருக்கு மேல் போகவிடாத டிசி சார்ஜர் ஒன்று, தடித்த ஒயர், பேட்டரியை ஒட்டியே பெரிய ஃபியூஸ், ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார். சாமானோடு 720 வெள்ளி. முதல் கடையில் கேட்டேன், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார்கள். என் பிள்ளை அந்தக் கட்டிலில்தான் தூங்குகிறாள். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் வண்டியை எடுப்பதற்கு முன், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் எங்கே என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இப்போது கணக்கு எப்படி ஓடுகிறது என்றால், பேட்டரியில் சுமார் 1,280 வாட் மணி இருக்கிறது. 12 வோல்ட் குளிர்பெட்டி நம்ம வெயிலில் ஒரு நாளைக்கு 500 பக்கம் சாப்பிடுகிறது. இரண்டு விசிறி ராத்திரி முழுக்க ஓடினால் 400. வெயில் அடிக்கும் நாளில் தகடு கொடுப்பது 700 வரை. மழை நாளில் அதில் பாதி கூட வராது, ஆனால் இரண்டு மணி நேரம் ஓட்டினாலே 500 ஏறிவிடும். இவ்வளவு போதும் எங்களுக்கு.

ஏர்கான் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள், 6,500 வெள்ளி விலையும் கேட்டு வந்தோம். வீட்டு ஏர்கான் ஒரு குதிரைசக்தி என்றால் முழு வேகத்தில் 700, 800 வாட் இழுக்கும், எங்கள் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்காது. அது வேண்டும் என்றால் பேட்டரி மூன்று மடங்கு, அதற்கு எடை, அதற்குத் தகடு என்று நீளும். அதற்குப் பதில் கூரைப் பலகை கழற்றியிருந்த நேரத்தில் தகரத்துக்கு அடியில் முழுக்க, தண்ணீர் ஊறாத மூடிய கண்ணறை நுரைப் பாய் ஒட்டினோம், பலகையோடு சேர்த்து 900 வெள்ளி. கூரையில் சூட்டை வெளியே இழுக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்று, இரண்டு பக்கச் சன்னலுக்கும் கொசு வலை, உள்ளே ஒரு சின்ன விசிறி, எல்லாம் 1,150. மதியம் இரண்டு மணிக்கு மூடி வைத்த வேனில் முன்பு 43 டிகிரி காட்டிய அளவி இப்போது 38 காட்டுகிறது. ராத்திரி பக்கச் சன்னலைத் திறந்து கூரை விசிறியைப் போட்டால் கால்மாட்டில் காற்று நடப்பது தெரியும், அம்மா போர்வை கேட்பார். இந்த எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் நீண்ட ஓட்டத்தில் கால் சுடும், அதற்கு 280 வெள்ளிக்குச் சூடு தடுக்கும் பாய் விரித்தோம், ஓரளவு பரவாயில்லை.

எடை விஷயம் என் தொழில் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். மேனேஜரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி வராத நேரத்தில் வேனை எடைமேடையில் ஏற்றினோம். நாள் முழுக்க மற்றவர்கள் வண்டிக்குப் போடும் ரசீதை எங்கள் வண்டிக்கு நானே போட்டேன், 2,640 கிலோ, நான்கு பேர், முழுத் தொட்டி, துணிமணி, அரிசி மூட்டை வரைக்கும். அப்புறம் முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்து ஒரு எடை, 1,110. அப்படியென்றால் பின்னால் 1,530. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது, நிரம்பினால் அதுவே நூறு கிலோ, பேட்டரியும் அலமாரியும் அதே பக்கம். வளைவில் பின்பக்கம் அலைகிற மாதிரி இருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது 40 லிட்டர்தான் நிரப்புகிறோம், டின் உணவும் கருவிப் பெட்டியும் முன் இருக்கைக்குப் பின்னால் வந்துவிட்டன. தோட்டப்புற ஊரில் இருப்பவர்களுக்கு எடைமேடை பக்கத்திலேயே இருக்கும், குலை வாங்கும் இடத்தில் தன்மையாகக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். உங்கள் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறியதுதான் உண்மையான சோதனை. தானா ராத்தாவுக்கு 60 கிலோமீட்டர் பக்கம், வளைவுக்கு வளைவு. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் நிறுத்தி எஞ்சினை ஆற விட்டு, அப்புறம் இரண்டாம் கியரிலேயே மெதுவாக ஏறியது, சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. இறங்கும்போதும் இரண்டாம் கியர்தான், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது. மேலே குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் மூடிப் படுத்தோம், விடியற்காலை பார்த்தால் கண்ணாடி, தகரம் எல்லாம் குளித்த மாதிரி தண்ணீர், நான்கு பேர் மூச்சு. ஒழுகுகிறதோ என்று ஒரு நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த ராத்திரி கூரைக் காற்றுப்போக்கியை இரண்டு விரல் திறந்து வைத்ததும் சரியாகிவிட்டது.

சமையல் வெளியே, பியூட்டேன் டின் அடுப்பில். உள்ளே சமைக்கிறவர்கள் தரையில் ஒரு காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். தூக்கிப் போகும் கழிப்பறை 420 வெள்ளி, அம்மாவுக்காக வாங்கினது, அவர் முட்டி வலியோடு ராத்திரி இறங்கி நடக்க வேண்டாம் என்பதற்கு மட்டும். இன்சூரன்ஸில் கண்ணாடிக்கும் வெள்ளத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும், கட்டிவிடுங்கள்.

போன சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் போனோம். ஒவ்வொரு வருடமும் ஒன்பது மணிக்கெல்லாம் அம்மாவுக்குக் கால் வீங்கி, ரதத்தைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்புவோம். இந்த முறை மத்தியானமே போய் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினோம், அம்மா சாயங்காலம் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கினார். நடுராத்திரி மேளச் சத்தம் நெருங்கும்போது எழுப்பினேன். முகம் கழுவி, விபூதி வைத்துக்கொண்டு, கதவுப் படியில் உட்கார்ந்தபடியே ரதம் திரும்புவதைக் கையெடுத்துப் பார்த்தார். எத்தனை வருஷம் ஆச்சு என்றார்.

போன மாதம் ஒருவர் 42,000 வெள்ளிக்குக் கேட்டார். நாங்கள் போட்டிருப்பது 45,000க்கு மேல், ஆனால் 50,000 என்றாலும் கொடுத்திருக்க மாட்டோம். பின் கதவு ரப்பர் பட்டை நேற்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிவிட்டு, மறுபடியும் டிஸ்யூ தாள் ஒட்டித் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும்.